கேள்வி படத்தில் வராது

மடவார்பாறை அடிவாரத்துக்குத் தானற்றான் குடில் வந்த பிறகு, அங்கே தீட்சை வாங்கியவர்கள் எல்லோரும் 'நான்' என்ற சொல்லைக் கொடுத்துவிட்டுத்தான் மலையிறங்கினார்கள்; கொடுத்தது என்றால் நிஜமாகவே கொடுத்தது, பௌர்ணமியன்று பொழுது சாய்கிற நேரத்தில் சாமியின் வலது உள்ளங்கையில் வாயை வைத்து ஒரே ஒரு தடவை 'நான்' என்று சொல்ல வேண்டும், அவர் விரல்களை மடக்கிக்கொள்வார், அதன் பிறகு அந்தச் சொல் அந்த ஆளின் வாய்க்கு வராது. நாக்கை எப்படி வளைத்தாலும் வராது, தூக்கத்தில் பினாத்தும்போதும் வராது, கதவிடுக்கில் விரல் நசுங்கினாலும் வராது. போகும்போது அது தன் சொந்தபந்தங்களையும் கூட்டிக்கொண்டு போய்விடும். 'என்' போகும், 'எனக்கு' போகும், வந்தேன், போனேன், தின்றேன், தூங்கினேன் என்று வினைக்குப் பின்னால் வாலாக ஒட்டிக்கொண்டிருக்கிற 'ஏன்' போகும். வால் அறுந்த இடத்தில் 'அது' வந்து உட்காரும். வந்தது, போனது, தின்றது, தூங்கினது என்றுதான் அவர்கள் தங்களைப் பற்றிச் சொன்னார்கள். ஆள் யாரென்று விளங்காவிட்டால் நெஞ்சைத் தொட்டு 'இது' என்றார்கள்.

முதல் வருஷம் ஊருக்குச் சிரிப்பாக இருந்தது. ஊர்க்காரர்களில் முதலில் கொடுத்தவர் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார். மறுநாள் பஸ்ஸில் ஏறி, "இது தென்காசி போகுது" என்றார்.

"பஸ்ஸு தென்காசி போவுதுன்னு எனக்கும் தெரியும் சார்வாள்," என்றான் கண்டக்டர். "நீங்க எங்க போறிய?"

டீக்கடை குத்தாலிங்கம் அண்ணாச்சியிடம் வந்து "இதுக்கு ஒரு டீ" என்று யாராவது கேட்டால், அவர் கண்ணாடி டம்ளரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு "எதுக்கு?" என்பார், பெஞ்சில் இருப்பவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். இரண்டாம் வருஷம் சிரிப்பு நின்றுபோனது. மூன்றாம் வருஷம் அண்ணாச்சியே மாஸ்டரைப் பார்த்து "அதுவளுக்கு மூணு, நமக்கு ரெண்டு" என்று சத்தம் கொடுத்தார். ரேஷன் கடையில் கைரேகை இருந்தால் போதும், பேச்சு வேண்டியதில்லை. ஆஸ்பத்திரியில் "எங்க வலிக்கு?" என்றுதான் கேட்டார்கள், யாருக்கு என்று கேட்கவில்லை. வெளியூரிலிருந்து பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்தார்கள், லாட்ஜ் வந்தது, ஆட்டோ ஸ்டாண்டு வந்தது, பூக்கடைகள் வரிசையாக வந்தன. ஓட்டு வீடுகள் மாடி வைத்த வீடுகளாயின. இதற்கிடையில் வினையின் வாலில் போன 'ஏன்', தனியாக நிற்கிற 'ஏன்' என்ற கேள்வியையும் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டது என்பதை ஊரில் முதலில் கண்டுபிடித்தவர் குத்தாலிங்கம் அண்ணாச்சிதான்.

"கவனிச்சுப் பாருங்கடே," என்றார் பெஞ்சைப் பார்த்து. "எதுக்குன்னு கேப்பாவ, எப்பன்னு கேப்பாவ, எவ்வளவுன்னு கேப்பாவ. ஏன்னு மட்டும் ஒருத்தரும் கேக்கதில்ல. எதுக்குன்னு கேட்டா வேலையச் சொல்லித் தப்பிச்சுக்கிடலாம். ஏன்னு கேட்டாத்தானடே காரணம் சொல்லணும்?"

"நம்ம மட்டும் கேக்கமாக்கும்?" என்றார் ஆட்டோக்காரர் ஒருவர்.

அண்ணாச்சி டம்ளர்களைக் கழுவத் திரும்பினார். ஊர்க்காரர்களிடமிருந்து அந்தச் சொல்லை யாரும் வாங்கவில்லை, அவர்களாகவே மடித்து உள்ளே வைத்துக்கொண்டார்கள்.

குடிலில் 'நான்' கொடுத்திருந்த ஆவுடையம்மாளுக்கு 'ஏன்' இல்லாமல்போனது தெரிந்தது அவள் வீட்டுக்காரர் காய்ச்சலில் கிடந்தபோது. கடை நொடித்துப்போய், மனசு வெறுத்து, பெண்டாட்டியையும் மூன்று வயது வடிவையும் குடிலுக்கு அழைத்து வந்தவர் அவர்தான். பாறையில் வெயிலுக்கு நிற்கவைப்பார்கள், ஈரத்துண்டை முறுக்கி அடிப்பார்கள், பிள்ளைகளைத் தனிக் கொட்டகையில் போட்டு, பெற்றவளைப் 'பாத்திரம்' என்று கூப்பிடச் சொல்லிக்கொடுப்பார்கள். இவ்வளவையும் அவர் புண்ணியம் என்றே நம்பினார். மருந்து கூடாது என்று சாமி சொன்னபோது ஆவுடை அவர் முன்னால் போய் நின்றாள். வாயைத் திறந்தாள். கேட்க வேண்டிய சொல் இருக்கும் இடத்தை நாக்கு தேடித் துழாவியது, பல் விழுந்த குழியைத் துழாவுவதுபோல. கடைசியில் "எதுக்கு மருந்து கூடாது?" என்று கேட்டாள். "பாரம் இறங்க," என்றார் சாமி. கேட்டதற்குப் பதில் கிடைத்துவிட்டது. அந்த வாரமே வீட்டுக்காரருக்குப் பாரம் முழுக்க இறங்கிவிட்டது.

இப்போது அவள் குடிலில் இல்லை. மூன்று வருஷமாக அண்ணாச்சி கடையில் வடைக்கு உளுந்து ஆட்டிக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை தோறும் குடில் வாசலுக்குப் போய் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். தூரத்தில் குழாயடிக்கு வடிவு வாளியோடு வருவாள், வாளி நிரம்பும்வரை நிற்பாள், இந்தப் பக்கம் பார்ப்பாள், போய்விடுவாள். வடிவுக்குப் பதினாலு வயது. வருகிற பௌர்ணமிக்கு அவள் கொடுக்கப்போகிறாள் என்று பூக்கடைக்காரி சொன்னாள். குடிலில் வளர்கிற பிள்ளைகளுக்கு 'நான்' தெரியாது, சாமி ஒருவர்தான் அந்த மலையில் அந்தச் சொல்லைச் சொல்வார், ஒரு ஆள் சொல்வதுபோல் இல்லாமல் ஒரு கூட்டமே ஒருமிக்கச் சொல்வதுபோல் கனமாகச் சொல்வார். அதனால் கொடுப்பதற்கு முந்தின ஒரு மாதம் பிள்ளைகளுக்கு அதைக் கற்றுக்கொடுத்துப் பேசவிடுவார்கள், கிடாயை நேர்ந்துவிட்டு மேயவிடுவதுபோல. கொடுத்த பிறகு பெண்பிள்ளைகளை மேல்குடிலுக்குக் கூட்டிப்போவார்கள். மேல்குடிலுக்குப் போன பெண்கள் குழாயடிக்கு வருவதில்லை, வாசலுக்கு வருவதில்லை, அவர்களை அதற்குப் பிறகு பார்த்ததாக ஊரில் யாரும் சொன்னதில்லை.

ஆவுடை போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள்.

"யாரும்மா அந்தப் பிள்ளை?" என்றார் ஏட்டு.

"வடிவு. இது பெத்தது."

"எது பெத்தது?"

அவள் நெஞ்சைத் தொட்டாள். "இது."

"பசுவா, எருமையா?" என்றார் ஏட்டு. பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் கெட்டவர் இல்லை; சிரிப்பு அடங்கியதும் அவளுக்கு ஒரு நாற்காலி போடச் சொன்னார். "என் மகள்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா எழுதிக்கிடலாம் தாயி. யாரோ யாருக்கோன்னா என்னன்னு எழுத?"

அந்தச் சமயத்தில்தான் சென்னையிலிருந்து படம் எடுக்கிறவர்கள் வந்தார்கள். மனுஷர்களை அடக்கி ஆளுகிற மடங்களையும் அவற்றின் தலைவர்களையும் பற்றித் தொடராக எடுக்கிறார்கள், வாரம் ஒரு மடம், இந்தக் குடில் அதில் ஒன்று. அவர்களுக்குத் தலைமை தாரிணி என்ற பெண், ஒல்லியாக, வெயிலில் கன்றிய மூக்கோடு, யார் பேசினாலும் கண் இமைக்காமல் கேட்பவள். ஆவுடையை உரல் பக்கத்தில் உட்காரவைத்து விளக்குப் போட்டார்கள்.

"அக்கா, ஒண்ணே ஒண்ணு," என்றாள் தாரிணி. "நான் கேக்கற கேள்வி படத்துல வராது. என் குரல வெட்டிடுவோம். அதனால கேள்வியும் சேர்ந்து வர்ற மாதிரி முழுசாச் சொல்லுங்க."

ஆவுடை சொன்னாள். வெயில் பாறையைச் சொன்னாள், ஈரத்துண்டைச் சொன்னாள், காய்ச்சலைச் சொன்னாள். இது நின்றது, இது அடிபட்டது, இது அழுதது. தாரிணிக்கு ஒரு பழக்கம் இருந்தது, ஒவ்வொரு பதிலுக்குப் பிறகும் கொஞ்சம் காத்திருந்து, மெல்ல, "ஏன்?" என்பாள். அந்தச் சொல் காதில் விழும்போதெல்லாம் ஆவுடையின் நாக்கு ஒரு முறை துடித்து அடங்கும்.

"வெளிய எப்படி வந்தீங்க?"

"ஒரு விடியக்காலம். காய்கறி வண்டி கிளம்பிச்சு. வெளிய வந்தது."

"ஏன் பொண்ண விட்டுட்டு வந்தீங்க?"

"வெளிய வந்தது," என்றாள் ஆவுடை மறுபடியும். அவள் இதைப் பலரிடம் சொல்லியிருக்கிறாள். குடில்காரர்கள் அவளைத் துரத்திவிட்டார்கள் என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். 'வந்தது' என்ற சொல்லுக்குள் ஒளிந்துகொள்ள இடம் இருந்தது. அந்த விடியற்காலையில் வண்டியின் சாக்குகளுக்கு நடுவே அவள் குந்தியிருந்தபோது கொட்டகையில் வடிவு தூங்கிக்கொண்டிருந்தாள் என்பதோ, கொட்டகைக் கதவு பூட்டியிருக்கவில்லை என்பதோ அந்தச் சொல்லில் இல்லை.

சாமிக்குக் காமிரா பிடித்திருந்தது. குடிலுக்குள்ளும் எடுக்க விட்டார். மாலையில் தாரிணி வந்து காமிராவின் சின்னத் திரையை ஆவுடைக்குத் திருப்பிக் காட்டினாள். குழாயடி. வடிவு. அவ்வளவு கிட்டத்தில் மகள் முகத்தை அவள் மூன்று வருஷமாகப் பார்த்ததில்லை, இடது புருவத்தில் புதிதாக ஒரு தழும்பு இருந்தது.

"பௌர்ணமிக்கு நான் கொடுக்கணும்," என்றாள் திரையில் வடிவு, பாடம் ஒப்பிப்பதுபோல.

தாரிணியின் குரல் வெளியிலிருந்து கேட்டது. "ஏன்?"

வடிவு நிமிர்ந்தாள். "அப்படின்னா?"

"அப்படின்னா... காரணம் என்னன்னு கேக்கறேன். எல்லாரும் செய்யறாங்க சரி. நீ ஏன் செய்யணும்?"

வாளி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. வடிவு குழாயை மூடவில்லை. மிட்டாயை வாய்க்குள் புரட்டுவதுபோல அவள் உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன. பின்னால் யாரோ கூப்பிட, வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

"திரும்பப் போடு தாயி," என்றாள் ஆவுடை.

பௌர்ணமிக்குப் பத்து நாள் இருக்கும்போது படம் வந்தது. அண்ணாச்சி கடை டிவியின் முன்னால் தெருவே நின்றது. மலை வந்தது, வாசல் வந்தது, உரல் வந்தது, ஆவுடை வந்தாள், வாயைத் திறந்தாள்.

"நான் பாறையில் நின்றேன்," என்றது டிவி. "என்னை அடித்தார்கள். நான் கதறினேன்."

பட்டணத்துப் பெண் ஒருத்தியின் குரல், நல்ல குரல், இடமறிந்து கொஞ்சம் உடைந்து மறுபடி கூடுகிற குரல். ஆவுடையின் வாய் அசைவுக்குச் சரியாகப் பொருத்தியிருந்தார்கள். "கடைசியில் என்னைத் துரத்திவிட்டார்கள். என் மகளை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டார்கள்." வடிவு குழாயடியில் வந்தாள்; "பௌர்ணமிக்கு நான் கொடுக்கணும்" என்றாள்; உடனே மலைமேல் நிலா வந்துவிட்டது. வாளி வழிந்ததும் உதடு அசைந்ததும் வரவில்லை. படம் முழுக்க ஒரு இடத்தில்கூடத் தாரிணியின் குரல் இல்லை.

"நல்லாப் பேசிட்ட தாயி," என்று பூக்கடைக்காரி கண்ணைத் துடைத்தாள்.

ஆவுடை அண்ணாச்சியின் போனை வாங்கித் தாரிணியைக் கூப்பிட்டாள். "அது இதோட குரல் இல்ல."

"தெரியும்க்கா. ஆனா இது நின்னது, இது அழுததுன்னா பாக்கறவங்களுக்கு யாருக்கோ நடந்த மாதிரி இருக்கு. மனசுல ஒட்டல. உங்களுக்காகத்தான் பண்ணோம்."

"துரத்தலை."

"என்னக்கா?"

"யாரும் துரத்தலை தாயி. வெளிய வந்தது."

அந்தப் பக்கம் ஒரு கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு தாரிணி, தாழ்ந்த குரலில், "இத நீங்க அன்னிக்கே சொல்லியிருக்கணும்க்கா" என்றாள். சொல்லியிருந்தாள். 'வந்தது' என்ற அதே சொல்லைத்தான் ஆவுடை அன்றும் சொல்லியிருந்தாள்.

படத்தைப் பார்த்துவிட்டு மேலிடத்திலிருந்து உத்தரவு வந்து, பிள்ளைகள் நலனைப் பார்க்கிற அதிகாரி ஒருவர் பௌர்ணமிக்கு முந்தின நாள் ஜீப்பில் வந்தார். ஆவுடையைக் குடில் வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். உள்ளேயிருந்து மேலாளர் வெள்ளை வேட்டியில் சிரித்துக்கொண்டு வந்தார், கையில் போன், போனில் அதே படம்.

"பாருங்க சார். சொல்லைப் புடுங்கிட்டோம்னு சொல்லுதாவ. இங்க நான் நான்னு எப்படி வெளுத்து வாங்குதாவ, கேளுங்க."

அதிகாரி கேட்டார். ஆவுடையைப் பார்த்தார். குழாயடியிலிருந்து வடிவைக் கூட்டிவந்து கம்பிக்கு அந்தப் பக்கம் நிறுத்தினார்கள்.

"அம்மா, எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்," என்றார் அதிகாரி. "பொண்ணு சின்னப் பொண்ணு. இவ என் மகள், என்கூட அனுப்புங்கன்னு உங்க வாயால ஒரு தடவை சொல்லுங்க. இப்பவே ஜீப்ல ஏத்திடறேன்."

ஆவுடை வாயைத் திறந்தாள். நாக்கு அந்தக் குழியையே மறுபடி துழாவியது. வடிவு அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், அன்றைக்குக் காமிராவில் நிமிர்ந்ததுபோல நிமிர்ந்து, ஏதோ வரும் என்று காத்திருப்பவளைப்போல. அதிகாரியும் காத்திருந்தார். ஜீப் டிரைவர் என்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருந்தார்.

"இது..." என்றாள் ஆவுடை. "இதோட மகள்."

மேலாளர் போனை அணைத்துப் பைக்குள் போட்டார். "டிவியில வரது இங்க வரல பாருங்க. நடிப்பு சார்." வடிவின் தோளில் கைவைத்துத் திருப்பினார். வடிவு திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். அதிகாரி காகிதங்களைக் கட்டி எடுத்துக்கொண்டு, "மறுபடி வரேன்" என்றார். எப்போது என்று அவர் சொல்லவில்லை.

படம் வந்தபின் கூட்டம் குறையும் என்று பூக்கடைக்காரி பயந்தாள். மறுநாள் பௌர்ணமிக்குக் கூட்டம் இரண்டு மடங்காக வந்தது. டிவியில் பார்த்த மலையை நேரில் பார்க்க வந்தார்கள், டிவியில் பார்த்த சாமியை நேரில் பார்க்க வந்தார்கள். லாட்ஜில் இடமில்லாமல் ஆட்கள் பஸ்ஸிலேயே படுத்தார்கள். குத்தாலிங்கம் அண்ணாச்சி உளுந்து போதாமல் பஜ்ஜிக்கு மாறினார். பொழுது சாய்கிற நேரத்தில் அடுப்பை அணைத்துவிட்டு ஆவுடையோடு மலையேறினார்.

பாறை மேல் சாமி உட்கார்ந்திருந்தார். கீழே ஆயிரம் தலைகள், கொடுத்தவர்களும் கொடுக்கப்போகிறவர்களும் வேடிக்கை பார்க்க வந்தவர்களும். கிழக்கே நிலா சிவப்பாக எழும்பிக்கொண்டிருந்தது. ஒவ்வொருவராகப் போனார்கள், குனிந்தார்கள், விரல்கள் மடங்கின, 'இது' ஆகித் திரும்பி வந்தார்கள். ஆவுடை கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு முன்னால் போக, கணக்கு வாத்தியார் அவளுக்காக ஒதுங்கி நின்றார். கயிறு கட்டியிருந்த இடத்தில் குடில் ஆட்கள் அவளைப் பிடித்துக்கொண்டார்கள்.

வடிவு வந்தாள். மஞ்சள் துணி, மழித்த தலை. சாமி உள்ளங்கையை நீட்டினார்.

"சொல்லு."

வடிவு குனிந்தாள். உள்ளங்கைக்கு ஒரு விரற்கடை தூரத்தில் அவள் உதடுகள் நின்றன. வாய்க்குள் ஏதோ புரண்டது. பிறகு அவள் நிமிர்ந்தாள்.

"ஏன்?"

சத்தமாகக் கேட்கவில்லை. ஆனால் அந்தப் பாறைமேல் அந்தச் சொல் அதற்கு முன் விழுந்ததில்லை, அதனால் தண்ணீரில்லாத கிணற்றில் கல் விழுந்ததுபோல அது எல்லாப் பக்கமும் மோதிக்கொண்டு போனது. சாமி சிரித்தார்.

"நான் சொல்லுதேன்லா."

"ஏன்?"

"நான்..." என்றார் சாமி. இந்த முறை அது மெலிந்து வந்தது, ஒரு கிழவர் மட்டும் தனியாகச் சொல்வதுபோல. அவர் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டார். கூட்டத்தில் கணக்கு வாத்தியார் பக்கத்திலிருந்தவரிடம் "கேட்டேன்" என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று தெரிந்து இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். அங்கொன்றும் இங்கொன்றுமாக வேறு வாய்களும் பொத்தப்பட்டன. மேலாளர் பாறைமேல் ஏறி வடிவின் கையைப் பிடித்தார், மேல்குடில் படிகளின் பக்கம் இழுத்தார்.

"யாரு வீட்டுப் பிள்ளைவே இது?" என்று கூட்டத்தில் வெளியூர்க்காரர் ஒருவர் எழுந்து நின்று கத்தினார். "பெத்தவங்க யாரும் இல்லையா?"

ஆவுடையின் வாய்க்குள் பழைய சொல் தயாராக இருந்தது, இது பெத்தது. 'பெத்த' வரைக்கும் வந்தது. அதற்குப் பின்னால் எப்போதும் வந்து ஒட்டிக்கொள்கிற வால் இந்தத் தடவை வரவில்லை. அந்த இடத்தில், பாறையிலிருந்து வந்த மகளின் சொல் உட்கார்ந்திருந்தது.

"பெத்தேன்," என்றாள் ஆவுடை. அவளைப் பிடித்திருந்தவர்களின் கை தளர்ந்தது. "நாந்தான் பெத்தேன். விடுவே எம் பிள்ளைய."

குத்தாலிங்கம் அண்ணாச்சி ஏற்கெனவே பாறைமேல் ஏறிவிட்டிருந்தார். மேலாளரின் மணிக்கட்டைப் பிடித்து, "அவ கேட்டதுக்குப் பதில் சொல்லிட்டுக் கூட்டிட்டுப் போரும்வே" என்றார். கொடுத்த நிறையப் பேர் எழுந்து பாறையை நோக்கி வந்தார்கள், எதற்கு வருகிறோம் என்று அவர்களுக்கே தெரியாததுபோல மெதுவாக, கையை ஏந்திக்கொண்டு. மேலாளர் கையை விட்டார். சாமி விரல்களை இறுக மூடி நெஞ்சோடு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வடிவு பாறையிலிருந்து இறங்கி ஆவுடைக்கு எதிரே வந்து நின்றாள். நடுவில் கம்பி இல்லை, கயிறு இல்லை. ஆவுடை கையை நீட்டினாள். வடிவு அந்தக் கையைப் பிடிக்கவில்லை. அம்மா என்றும் சொல்லவில்லை, பாத்திரம் என்றும் சொல்லவில்லை. தழும்பு விழுந்த புருவத்தை உயர்த்தி, சில வாரமாகக் கையிலிருக்கிற புதுச் சொல்லை மூன்றாம் தடவையாக எடுத்தாள்.

"ஏன் விட்டுட்டுப் போன?"

'வெளிய வந்தது' என்ற சொல்லை ஆவுடை தேடினாள். அதற்குள் இனி ஒளிந்துகொள்ள இடம் இருக்கவில்லை. படத்தில் அந்தப் பட்டணத்துக் குரல் சொன்ன 'துரத்திவிட்டார்கள்' என்ற சொல்லும் ஞாபகம் வந்தது, அதைச் சொன்னால் இந்தக் கூட்டம் நம்பும், மகளும் நம்பக்கூடும்.

நிலா மலைக்கு மேல் வந்திருந்தது. வடிவு காத்திருந்தாள்.

"பயந்தேன்," என்றாள் ஆவுடை.